38,400 ரூபாய் போச்சு: ‘குடல் சுத்தி’ பேக்கேஜ் விக்கிற ஆப்பை நம்பாதீங்க

கை இன்னும் நடுங்குது. ஆனா இன்னைக்கே எழுதிடணும்.

எங்கம்மாவுக்கு 61 வயசு, திண்டுக்கல்ல இருக்காங்க. போன ஆடியில ஆரம்பிச்ச வயித்துப்போக்கு. ரத்தம் கிடையாது, வெறும் தண்ணி. நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. ராத்திரியும் விடாது. பழைய நூல் சேலையை நாலா மடிச்சு மெத்தை மேல போட்டுத்தான் படுப்பாங்க. விடியறதுக்குள்ள யாருக்கும் தெரியாம அவங்களே அலசிக் காயப்போட்டுடுவாங்க. பஸ் ஏறப் பயந்து தம்பி மக கல்யாணத்துக்கே போகல. ஆறு கிலோ இறங்கிட்டாங்க.

ஊர்ல ஒரு சென்டர்ல கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வச்ச குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கற ஸ்கோப் டெஸ்ட், எடுத்தோம். “உள்ள எல்லாம் நார்மல், டென்ஷனாலதான்”னு அனுப்பிட்டாங்க. சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பவே இல்ல. கேட்கணும்னு எனக்கும் தெரியல.

அப்பதான் போன்ல அந்த விளம்பரம். குடல் கோளாறுக்குன்னே ஒரு ஆப். லைன்ல வந்த பொண்ணு எடுத்த எடுப்புல, “அம்மா, ராத்திரி தூக்கத்துல எழுந்து ஓட வேண்டியிருக்கா?”ன்னு கேட்டா. அதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்ல. அம்மா அழுதுட்டாங்க. “ஸ்கோப்ல இது தெரியாதும்மா, அதான் அவங்களால கண்டுபிடிக்க முடியல. 90 நாள்ல சரியாயிடும்”னா. அந்த இடத்துலதான் விழுந்தேன். 38,400 ரூபாய், ஒரே தவணையில யுபிஐல, நானே அனுப்பினேன்.

மூணு டப்பா பொடி வந்துச்சு. நாலாம் நாள் பதினஞ்சு தடவை போச்சு. கேட்டதுக்கு, “நச்சு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறிதான்.” பத்தாம் நாள் பாத்ரூம் வாசல்லயே மயங்கி விழுந்துட்டாங்க. டிரிப்ஸ் ஏத்திட்டு வீட்டுக்கு வந்தப்புறம்தான் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்துல ‘நிலாவாரை’. மலச்சிக்கல்காரங்களுக்குக் கொடுக்கற பேதி மருந்து அது! வயித்துப்போக்குல துவண்டு கிடக்கறவங்களுக்கு அதையா கொடுப்பாங்க?

பணத்தைக் கேட்டேன். முதல்ல “மேனேஜர்கிட்ட பேசறேன்”. அப்புறம் “சீல் உடைச்ச டப்பாவுக்கு ரீஃபண்ட் கிடையாது”. அப்புறம் “பத்தியம் இருந்தீங்களா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?”. தப்பு எங்க மேலயாம். மூணு பேர் மாறி மாறிப் பேசி, இன்னைக்குக் காலையில என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 38,400 ரூபாய், என் ரெண்டு மாசச் சம்பளம்.

இதுக்கு நடுவுல மதுரையில ஒரு குடல் டாக்டர்கிட்ட காட்டினோம். திரும்பவும் ஸ்கோப், இந்தத் தடவை பெருங்குடல்ல வலது பக்கம், இடது பக்கம்னு பல இடத்துல சதை எடுத்தார். ரிப்போர்ட்ல மைக்ரோஸ்கோப்பிக் கொலைடிஸ்னு வந்துச்சு, பெருங்குடல்ல வர்ற ஒரு அழற்சி, அதுல கொலாஜனஸ் வகை. குடலோட உள் தோலுக்கு அடியில இருக்கற கொலாஜன்ங்கற புரதப் பட்டை 10 மைக்ரானுக்கு மேல தடிச்சிருக்கு. ஸ்கோப்ல பார்த்தா குடல் நார்மலாத்தான் தெரியும், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சாத்தான் பிடிபடும். அந்தப் பொண்ணு சொன்னதுல பாதி உண்மை, அதை வச்சே எங்களை முடிச்சுட்டாங்க. 1976-லயே ஸ்வீடன்ல கண்டு எழுதின நோய்ங்க இது, புதுசு இல்ல.

அம்மா முட்டி வலிக்குத் தினமும் போட்ட டைக்ளோஃபினாக், கூடவே போட்ட கேஸ் மாத்திரை, ரெண்டுக்கும் இந்த நோயோட தொடர்பு உண்டாம். டாக்டர் ரெண்டையும் நிறுத்தினார். புடசோனைடு 9 மில்லிகிராம், காலையில ஒரு வேளை, எட்டு வாரம். பத்து நாள்ல ரெண்டு தடவையா குறைஞ்சுடுச்சு. மருந்தை விட்டா திரும்ப வரலாம்னும் சொல்லியிருக்கார், அதுக்கும் தயாராத்தான் இருக்கோம். புத்துநோயா மாறுமோன்னு பயந்தோம், அப்படி ஆகாதுன்னார்.

என்னென்ன பார்க்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. வாரக்கணக்குல தண்ணியா போனா, ஸ்கோப் நார்மலா இருந்தாலும் ‘பயாப்ஸி எடுத்தீங்களா’ன்னு கேளுங்க. சாப்பிடற எல்லா மாத்திரையையும் டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி பொடியில என்ன இருக்குன்னு எழுத்துல வாங்குங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல நான் புகார் கொடுத்துட்டேன். இதே மாதிரி ஆப்ல பணம் கட்டினவங்க இருந்தா நீங்களும் கொடுங்க, பில்லையும் டப்பாவையும் தூக்கிப் போட்டுடாதீங்க.