டெம்பரேச்சர் சென்சர் மேல் சந்தேகமா? மாற்றுவதா, மீட்டரா, ஸ்கேனரா?

ஃபேன் நிற்காமல் ஓடுகிறது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, எஞ்சின் சூடான பிறகும் நீல லைட் அணையவில்லை. கராஜில் பாஸ் முதலில் கைகாட்டுவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சரைத்தான், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் (கூலன்ட்) சூட்டை அளக்கும் சென்சரை. அது உண்மையா என்று பார்க்க மூன்று வழிகள்.

கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் சென்சர் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பது முதல் வழி. வேலை சுருக்கம். ஆனால் பழுது வயரிலோ கனெக்டரிலோ இருந்தால் காசும் கூலன்ட்டும்தான் போகும். போதாததற்கு, வந்த சென்சர் நல்லதா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

இரண்டாவது வழி, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். அது நேர்மையானது. சூடு ஏற ஏற இந்த சென்சரின் மின்தடை இறங்கும். பல ஜப்பான் கார்களில் 20 பாகையில் 2 முதல் 3 கிலோஓம், 80 பாகையில் 300 ஓம் அளவில் காட்டும். நுவரெலியாக் காலைக் குளிரில் அளந்தால் எண் இன்னும் மேலே நிற்கும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். குறை என்னவென்றால், விட்டுவிட்டு வரும் பழுது நிறுத்திய காரில் அகப்படாது.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: காரின் கம்ப்யூட்டர் படிக்கும் எண்களைப் போனில் காட்டும் புளூடூத் ஸ்கேனர். இரவெல்லாம் நின்ற காரில், ஸ்டார்ட் பண்ணுமுன் சுவிட்சை மட்டும் போட்டால் கூலன்ட் சூடும், உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க வேண்டும். பிறகு ஓட்டிப் பாருங்கள். 85 பாகையில் நின்ற எண் ஒரே நொடியில் மைனஸ் 40க்குப் பாய்ந்தால் அது சூடே இல்லை, சர்க்யூட் அறுந்திருக்கிறது. இந்த சென்சர் சர்க்யூட் பழுதைச் சொல்லும் பி0118 கோடும் விழலாம். இரண்டு வயர் சென்சர் என்றால் கனெக்டரைக் கழற்றி இரு வயரையும் இணைத்துப் பாருங்கள். எண் 120 பாகைக்கு மேலே போனால் வயர் நல்லது, சென்சர்தான் போய்விட்டது.

மலைப்பாதை இதில் பெரிய உதவி. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும்போது சூடு மெல்ல 60க்குக் குறைந்து, ஏற்றத்தில் திரும்ப ஏறினால் சென்சர் உண்மையைத்தான் சொல்கிறது. திறந்தபடி சிக்கியிருப்பது தெர்மோஸ்டாட், அதாவது ரேடியேட்டருக்குப் போகும் கூலன்ட்டைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு.

சூடு மேலே தாவினால் சென்சரைத் தொடுமுன், எஞ்சின் ஆறிய பிறகு, கூலன்ட் மட்டத்தையும் ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். மட்டம் குறைந்தால் சென்சர் நீராவியில் மாட்டிக்கொண்டு எண்ணைத் தாறுமாறாகக் காட்டும். நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கிறது. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கொழும்பில் தாங்கிய கார் இங்கே பொங்கிவிடும்.