கொல்லிமலைக்கு முன் நாமக்கல்லில் ஆறு மணி நேரம்

ஐப்பசியில் மலைக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். சித்திரையிலும் வைகாசியிலும் ஊரே மலையேறும்போது நாங்கள் ஈரோட்டு வெயிலிலேயே இருந்துவிடுவோம். முதல் மழை பெய்து, கூட்டமும் குறைந்த பிறகு இரண்டு இரவுக்கான துணியை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். குறிஞ்சிக்குக் கூதிரை, அதாவது ஐப்பசியையும் கார்த்திகையையும், பெரும்பொழுதாக வகுத்தவர்கள் இந்த இரண்டு மாதங்களில் மலையில் இருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். பாறை இடுக்கெல்லாம் தண்ணீர் கசிகிற நேரம் இது. மேகம் சாலையின் குறுக்கே இறங்கி வந்து நிற்கும்.

இந்த ஆண்டு கொல்லிமலை என்று முடிவானது. சரஸ்வதி பூஜை விடுமுறையையும் தீபாவளிக் கூட்டத்தையும் தவிர்த்து, நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். நான், எழுபத்து நான்கு வயது அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், 2013ஆம் ஆண்டு வாங்கிய எங்கள் வேகன் ஆர். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அறை, சாப்பாடு, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிட்டன. எனக்குக் கவலை பிரேக்கைப் பற்றித்தான்.

காரணம் இருக்கிறது. போன ஐப்பசியில் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பெருமாள்மலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே அமுங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, அகலமான ஓர் ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். முன் சக்கரத்திலிருந்து கருகிய வாடை வந்தது. பின்னிருக்கையில் அம்மா "முருகா, முருகா" என்பதை நிறுத்தவே இல்லை. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அதற்குப் பத்து நாள் முன்புதான் ஒரு பெரிய சர்வீஸ் மையத்தில் வண்டியை விட்டு எடுத்திருந்தேன். அவர்கள் கொடுத்த தாளில் பிரேக்குக்கு நேராக 'சரி' என்று பச்சை மையில் குறி போட்டிருந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால் இந்த முறை லாரிக்காரர்களிடம் கேட்டேன். எங்கள் தெருவில் தேங்காய் லோடு ஓட்டும் ஒருவர், "மலைக்குப் போகிற வண்டி என்றால் நாமக்கல்லில் காட்டுங்கள்" என்று வழி சொன்னார். லாரிக்குக் கூடு கட்டுவதில் பேர் போன ஊர். பாரம் ஏற்றிய வண்டியை மலையிலிருந்து பத்திரமாக இறக்குவது எப்படி என்று தெரிந்த கைகள் அங்கே நிறைய இருக்கின்றன. அவர் சொன்ன பட்டறை சேந்தமங்கலம் சாலையில், கொல்லிமலைக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு புங்கமரமும் அதன் அடியில் அடுக்கிய லாரி டயர்களும்தான் அடையாளம். பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டபோது பட்டறைக்காரப் பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார், எனவே போடவில்லை.

காலை எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுபதைத் தாண்டிய மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில். நான் வண்டியைப் பற்றிச் சொல்ல வாய் திறப்பதற்குள், "எங்கே போகிறீர்கள், எத்தனை பேர், எவ்வளவு சாமான்?" என்று கேட்டார். கொல்லிமலை என்றதும், "அப்படியானால் மதியத்துக்கு மேல்தான் ஆகும். அவசரம் என்றால் இன்னொரு நாள் வாருங்கள் அம்மிணி" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மாவையும் மகளையும் ஆட்டோவில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு அனுப்பினேன். கூரை இல்லாமல் வானத்தின் கீழ் நிற்கும் அந்தப் பதினெட்டு அடி உருவத்தின் முன்னால் அம்மாவுக்குப் பொழுது போவதே தெரியாது. நான் பட்டறையிலேயே இருந்துவிட்டேன்.

முன் சக்கரங்களைக் கழற்றி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் பிரேக் பேடை வெளியே எடுத்தார். புதிய பேடில் தேய்மானப் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். என்னுடையதில் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் மூன்றுக்கும் குறைவு. விரல் நகத்தை ஒட்டி வைத்துக் காட்டினார். நகக்கண்ணின் உயரம்கூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் ஏன் அதிகம் தேய்ந்தது என்று கேட்டேன். பதிலுக்கு, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர் நகர்ந்து கொடுக்க வைத்திருக்கும் 'பின்' என்ற கம்பியைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். நகரவில்லை. பழைய கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. அதனால் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தப் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. போன வருடக் கருகல் வாடையின் பாதிக் கதை இதுதான்.

மீதிக் கதை பிரேக் ஆயிலில் இருந்தது. பழையதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிக் குப்பியிலும் புதியதை இன்னொன்றிலும் ஊற்றி, சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று தேன் நிறம், மற்றது கடுங்காப்பி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலையில் விடாமல் பிரேக்கை அழுத்தினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் அது சுருங்குவதோடு சரி. நான் பஞ்சு என்று நினைத்தது அந்தக் குமிழ்தான். "பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது பிரேக் இல்லை அம்மிணி, அடுப்பு" என்றார்.

பிறகு பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும் வேலை. பட்டறைப் பையன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, பெரியவர் இடப்பக்கப் பின் சக்கரத்தில் தொடங்கினார். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது அதுதானாம். "மிதி… பிடி… விடு." திருகைக் கால் சுற்று இளக்குவார், மெல்லிய குழாய் வழியாகப் பழைய ஆயில் குமிழ் குமிழாகப் பாட்டிலில் இறங்கும், இறுக்குவார். மறுபடியும் "மிதி… பிடி… விடு." குழாயில் ஒரு குமிழ்கூட வராத வரைக்கும் இது நடந்தது. நாலு சக்கரமும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடையில் அவரது போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை.

அவர் செய்ய மறுத்ததையும் சொல்ல வேண்டும். கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும், காசைக் கரியாக்காதீர்கள்" என்றார். பின் சக்கரங்களின் பிரேக் டிரம்மைத் திறந்து, உள்ளே உரசி நிறுத்தும் ஷூவைச் சுத்தம் செய்து அப்படியே மூடினார். வைப்பர் ரப்பரை மட்டும் கட்டாயம் மாற்றச் சொன்னார். கடைசியாக ஸ்டெப்னியில் காற்றைப் பார்த்தவர், ஜாக்கியை வெளியே எடுக்கச் சொன்னார். ஜாக்கி இருந்தது, அதைச் சுற்றும் கைப்பிடி இல்லை! எத்தனை வருடமாக இல்லையோ, தெரியவில்லை. மூலையில் கிடந்த இரும்புகளில் தேடி, பொருத்தமான ஒன்றைத் துடைத்து டிக்கியில் வைத்தார்.

செலவு: முன் பேட் ஒரு ஜோடி 1,400 ரூபாய், ஆயில் 260, வைப்பர் 450, கூலி 800. மொத்தம் 2,910. துண்டுத் தாளில் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய பேடுகளையும் ஒரு பையில் போட்டுக் கையில் தந்தார்.

குறைகளும் உண்டு. உட்கார இடம் கிடையாது, டயர் மேல்தான் உட்கார வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. நான் பக்கத்து மளிகைக் கடை அம்மாவின் தயவில் சமாளித்தேன். வீட்டாரை வேறெங்காவது விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. முன்கூட்டியே சொல்லி வைக்க முடியாது, வரிசைப்படிதான் பார்ப்பார். ஒன்பது மணிக்கு மேல் போனால் லாரிகள் முந்திக்கொள்ளும். ஞாயிறு விடுமுறை. புறப்படும் அன்றே காட்டியது என் தவறு. இரண்டு நாள் முன்னதாகவே போயிருக்க வேண்டும்.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். காளப்பநாயக்கன்பட்டி தாண்டிக் காரவள்ளி. ஏறுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, பாதி வளைவுகள் முதல் கியரில், மீதி இரண்டாவதில். மேலே சோளக்காடு என்ற ஊரில் மலை வாழையும் மிளகும் வாங்கினோம். மறுநாள் காலை அறப்பளீஸ்வரர் கோயில். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்பதால் அம்மா கோயில் மண்டபத்திலேயே இருந்துகொண்டார். நானும் மகளும் பாதிப் படி இறங்கினோம். அருவி கண்ணில் படும் முன்பே அதன் சாரல் முகத்தில் பட்டது. அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினோம்.

பட்டறைக்கு உண்மையான சோதனை மூன்றாம் நாள் மதியம்தான் வந்தது. ஐப்பசியில் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும் என்பதால் இரண்டு மணிக்கே இறங்கத் தொடங்கினோம். தூறல் விடவில்லை. பெரியவர் சொல்லி அனுப்பியபடி, ஏறிய கியரிலேயே இறங்கினேன். வளைவுக்கு முன்னால் ஓர் அழுத்து, உடனே காலை எடுத்துவிடுவது, மற்ற நேரமெல்லாம் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஏறி வரும் வண்டிகளுக்கு நின்று வழி விட்டேன். குறுகலான மலைச் சாலையில் ஏறுகிறவருக்கே முன்னுரிமை என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அதை மதிக்காமல் ஒளியடித்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வளைவில் மேகத்துக்குள் புகுந்தோம். ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணில்தான் அடிக்கும், தாழ்த்தியே வைத்துக்கொண்டேன். புது வைப்பர் கண்ணாடியில் ஒரு கோடுகூட விடவில்லை.

பாதியில் பத்து நிமிடம் நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் நின்ற காரிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த வாடை வந்தது. ஓட்டி வந்த தம்பியிடம் இன்னும் அரை மணி நேரம் நிற்கச் சொல்லி, கியரைப் பற்றியும் சொன்னேன். எங்கள் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தால் மழை மண் வாசனைதான். பெடல் முதல் வளைவில் எந்த உயரத்தில் நின்றதோ கடைசி வளைவிலும் அதே உயரத்தில் நின்றது. காரவள்ளியில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால், அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் ஜாக்கிக் கைப்பிடியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பட்டறையில் நிறுத்தினோம். பெரியவர் புறங்கையை நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "வண்டியிலேயே இருக்கட்டும்" என்று கைப்பிடியை வாங்க மறுத்துவிட்டு, மகளைப் பார்த்து, "பாப்பா, உனக்கு ஸ்டெப்னி மாற்றத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றாள். நட்டை இளக்கிய பிறகுதான் ஜாக்கியை ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பையனைக்கூடக் கிட்டே வர விடாமல் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். முதல் நட்டு அசையவில்லை. அவள் ஸ்பேனரின் நுனியில் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாள்.