வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஷெட்யூலா, முழுக் கேள்வித்தாளா?

சென்ற ஆண்டு திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கத்தைச் சுற்றியுள்ள சில கிராமங்களில், குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றுக்குப் படிவம் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. பன்னிரண்டு கணக்கெடுப்பாளர்கள், ஆறு நாள் பயிற்சி, இரண்டு மாதக் களப்பணி. முதலில் ஷெட்யூல் வடிவில் அச்சிட்டோம். முன்னோட்டம் முடிந்ததும் அதை ஒதுக்கிவிட்டு முழுக் கேள்வித்தாளுக்கு மாறினோம். ஏன் மாறினோம் என்பதை, இதே முடிவை எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஷெட்யூல் என்பது கட்டம் போட்ட அட்டவணை. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த வடிவம் இது. வரிசைக்கு ஒரு நபர், பத்திக்கு ஒரு விவரம். பத்தியின் தலையில் 'வயது', 'கல்வி', 'வழக்கமான தொழில் நிலை' என்று சில சொற்கள்தான் இருக்கும். அதை எப்படிக் கேள்வியாக்கிக் கேட்பது என்பது கணக்கெடுப்பாளரின் பொறுப்பு. முழுக் கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்வியும் வாயால் கேட்க வேண்டிய சொற்களிலேயே அச்சாகியிருக்கும். கணக்கெடுப்பாளர் அதைப் படித்துக் கேட்டு, எதிரே உள்ள பதில் எண்ணைச் சுழிக்க வேண்டும். 1992–93இல் முதன்முதலாக நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின் கேள்வித்தாள்கள் இந்த வகை. அவை தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுக் களத்துக்கு வருகின்றன.

செலவு, பக்கம், எடை மூன்றிலும் ஷெட்யூல்தான் சிக்கனம். எங்கள் ஷெட்யூல் எட்டுப் பக்கம். அதே விவரங்களைக் கேட்கும் கேள்வித்தாள் இருபத்தாறு பக்கம். ஒரு நாளைக்கு ஐந்து வீடு என்றால் பையின் கனம் தோளில் தெரியும். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அச்சுக்கூலி கணக்கெடுப்பின் மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஆட்களின் கூலியும் வண்டிச் செலவும்தான் பெரியவை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம். கேட்பவர் மாறும்போது கேள்வியும் மாறுகிறதா?

முன்னோட்டத்தில் சில வீடுகளுக்கு இரண்டு நாள் இடைவெளியில் வேறு வேறு ஆட்களை அனுப்பினோம். அதில் ஒரு வீடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் நாள் போன இளைஞருடன் நானும் போயிருந்தேன். வாசலில் இரண்டு கறவை மாடு. அந்த அம்மாள் அப்போதுதான் பால் சொசைட்டியிலிருந்து திரும்பியிருந்தார். கையில் காலிப் பால் கேன், கேனின் பிடியில் சொருகிய பால் அட்டை. தம்பி அட்டவணையில் தொழில் பத்திக்கு வந்ததும், "நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா அக்கா?" என்று கேட்டார். "இல்லை தம்பி, வீட்டில்தான் இருக்கிறேன்" என்றார் அவர். தம்பி 92 என்று எழுதினார். மாதிரிக் கணக்கெடுப்பின் குறியீட்டில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் செய்பவர்.

இரண்டு நாள் கழித்துப் போனது விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண். அவர் கேட்டது, "மாடு யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பால் யார் கொண்டுபோய் ஊற்றுகிறீர்கள்? பணம் யார் பெயரில் வருகிறது?" அவர் எழுதியது 11. அதாவது சொந்தமாகத் தொழில் செய்பவர். வீடு ஒன்று, மனுஷி ஒருத்தி, படிவமும் ஒன்று. மாறியது கேள்வி மட்டும்தான். அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் எங்குமே இல்லை. கேட்டவரின் தலைக்குள் இருந்தது.

தவறு அந்தத் தம்பியுடையது இல்லை. 'வழக்கமான தொழில் நிலை' என்ற மூன்று சொல்லைக் கொடுத்துவிட்டு, அதை வாசலில் நின்றபடி தமிழாக்கச் சொன்னது நாங்கள். 'வேலை' என்ற சொல்லுக்கு ஊரில் கூலிக்கோ சம்பளத்துக்கோ வெளியே போவது என்றுதான் பொருள். பால் ஊற்றுவதும், பூக் கட்டுவதும், கடலை உரிப்பதும், கணவரின் கடையில் உட்கார்வதும் அந்தச் சொல்லுக்குள் வராது.

குடும்பநல ஆய்வு இதே இடத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில், வீட்டு வேலை தவிர கடந்த 7 நாட்களில் ஏதாவது வேலை செய்தீர்களா என்று கேட்கிறது. இல்லை என்று சொன்னாலும் விடுவதில்லை. சில பெண்கள் பணத்துக்கோ பொருளுக்கோ வேலை செய்கிறார்கள், சிலர் பொருள் விற்கிறார்கள், சிறு தொழில் செய்கிறார்கள், குடும்ப நிலத்தில் வேலை செய்கிறார்கள், இவற்றில் எதையாவது செய்தீர்களா என்று மறுபடி கேட்கிறது. அந்த இரண்டாவது கேள்வி அச்சில் இருப்பதால், கேட்பவர் அதைக் கேட்காமல் தாண்ட முடியாது. மாதிரிக் கணக்கெடுப்பின் வேலைவாய்ப்பு ஷெட்யூலிலும் வீட்டு வேலை என்று பதிவான பெண்களிடம் கூடுதலாகக் கேட்கத் தனிப் பகுதி இருந்தது உண்மைதான். ஆனால் முதல் குறியீடு தனிப் பத்தியில் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

கடன் பகுதியிலும் இதே கதை. 'கடன்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு "கடன் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், வங்கிக் கடனையும் வட்டிக்காரர் கடனையும் சொல்வார்கள். நகை அடகில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் கணக்கில் அடகு. பக்கத்து வீட்டில் வாங்கியது கைமாற்று. மகளிர் குழுவில் வாங்கியது குழுப் பணம். எடுத்த சீட்டுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருப்பது சீட்டு. இந்த நான்கு சொல்லையும் தனித்தனிக் கேள்வியாக அச்சிட்ட பிறகுதான் முழுக் கணக்கு வரத் தொடங்கியது.

'குடும்பம்' என்ற சொல்லும் அப்படியே. "குடும்பத்தில் எத்தனை பேர்?" என்றால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மகனும், அடுத்த தெருவில் தனியாகச் சமைக்கும் மூத்த மகனும் சேர்ந்துவிடுவார்கள். "வீட்டில் எத்தனை பேர்?" என்றால், மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் படுக்கும் தாத்தா விட்டுப்போவார். கணக்கெடுப்புக்கு வேண்டியது ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள். நாங்கள் கடைசியில் அச்சிட்டது இது: "இந்த வீட்டில் ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் யார் யார்?" உலை என்ற சொல்லைச் சொன்னவர் அந்த ஊர் அங்கன்வாடியில் சமையல் செய்யும் அம்மாள். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை.

ஷெட்யூலுக்காக நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாதிரிக் கணக்கெடுப்பின் களப் பணியாளர்கள் நெடுங்காலம் இதையே தொழிலாகச் செய்தவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் தடிமனான அறிவுரைத் தொகுதி உண்டு. எந்தக் கட்டத்துக்கு என்ன வரையறை என்று அதில் விரிவாக இருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, மழையில் ஆரம்பித்து, நெல்லுக்கு வந்து, உரக்கடைப் பாக்கியைத் தொட்டு, பேச்சு போகிற போக்கிலேயே கட்டங்களை நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவருக்கு விசாரணை நடப்பதுபோலவே தோன்றாது. முழுக் கேள்வித்தாளில் அந்த நயம் கிடைக்காது. நாற்பதாவது கேள்விக்கு வரும்போது இருவருக்கும் களைப்பு தெரிகிறது. ஆனால் அந்தத் திறமை ஆளிடம் இருக்கிறது, தாளில் இல்லை. ஆறு நாள் பயிற்சியில் அதைக் கொடுக்க முடியாது. எங்கள் பன்னிரண்டு பேரில் மூவர் முதல் மாதத்திலேயே வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு நாள்தான் சொல்லிக்கொடுக்க முடிந்தது. ஷெட்யூலாக இருந்திருந்தால் அவர்கள் போன கிராமங்களின் விவரத்தை நான் நம்பியிருக்க மாட்டேன்.

கட்டங்களுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பக்கத்துப் பக்கத்துப் பத்திகள் ஒன்றையொன்று இழுக்கும். இதற்குப் பெரிய உதாரணம் 1999–2000இல் நடந்த மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆவது சுற்று. உணவுச் செலவை அதுவரை 30 நாளுக்குக் கேட்டு வந்தார்கள். 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில், மாற்று நினைவுக் காலம் (கடந்த எத்தனை நாள் செலவை நினைவிலிருந்து சொல்லச் சொல்வது என்பது) ஒன்றை வேறு வீடுகளில் தனிப் படிவமாகச் சோதித்துப் பார்த்தார்கள். 55ஆவது சுற்றில் 7 நாள் பத்தியையும் 30 நாள் பத்தியையும் ஒரே வீட்டில், ஒரே பக்கத்தில், அருகருகே வைத்துவிட்டார்கள். ஒரு பத்தியில் எழுதிய எண்ணுக்கு ஒத்துப்போகும்படி அடுத்த பத்தி நிரம்பியிருக்கும் என்ற ஐயம் எழுந்தது. வறுமை விகிதம் 1993–94இல் இருந்த 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக இறங்கியதா, அல்லது படிவம் மாறியதால் அப்படித் தெரிகிறதா என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். பின்னர் 2009–10, 2011–12 சுற்றுகளில் இரு வகைப் படிவங்களும் வெவ்வேறு வீடுகளுக்குப் போயின. ஒரு பத்தியை எங்கே வைப்பது என்பது ஒரு நாட்டின் வறுமைக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறது. படிவ அமைப்பைக் கடைசி நாள் தட்டச்சு வேலையாக நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

காலிக் கட்டமும் தொல்லை. இல்லை என்று சொன்னதால் காலியா, கேட்கவே இல்லையா? கேள்வித்தாளில் 'இல்லை'க்கு ஒரு எண், 'தெரியாது'க்கு ஒரு எண். எதுவும் சுழிக்காவிட்டால் கேட்கவில்லை என்று மாலையே மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும்.

முழுக் கேள்வித்தாளை வடிவமைப்பதில் நாங்கள் கற்றுக்கொண்ட சில. வாய்விட்டுப் படிக்க வேண்டியது தடித்த எழுத்தில். கணக்கெடுப்பாளருக்கான குறிப்பு சாம்பல் கட்டத்துக்குள் சிறிய எழுத்தில். சாய்வெழுத்தைத் தமிழில் முயன்று பார்த்துக் கைவிட்டோம். வெயிலில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தாவல் அம்பும் (பொருந்தாத கேள்விகளைத் தாண்டச் சொல்லும் குறி) போக வேண்டிய கேள்வி எண்ணும் வலது ஓரத்தில், எப்போதும் ஒரே இடத்தில். எந்தக் கேள்வியும் இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது. தாள் நெடுவாக்கில் இருக்க வேண்டும். அகலத் தாளில் அட்டவணை அழகாக இருக்கும், ஆனால் எழுதுபவர் நிற்கிறார், அல்லது தொடைமேல் அட்டையை வைத்து எழுதுகிறார். நீட்டிக்கொண்டிருக்கும் அகலத் தாள் காற்றில் மடிந்துவிடுகிறது.

டேப்லெட் வந்த பிறகு இந்தக் கேள்வியே பழையது என்று சொல்பவர்கள் உண்டு. தாவலையும் காலிக் கட்டத்தையும் டேப்லெட் பார்த்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் திரையில் 'தொழில்' என்று ஒரு சொல்லை மட்டும் காட்டினால் அதுவும் ஷெட்யூல்தான்.

அட்டவணையை நான் முற்றிலும் விடவில்லை. வீட்டு உறுப்பினர் பட்டியல் கட்டமாகவே இருக்கிறது. குடும்பநல ஆய்விலும் அது அப்படித்தான். ஒரே கேள்வியை ஐந்து பேருக்கு ஐந்து முறை அச்சிடுவது வீண். பத்தியின் தலையில் மட்டும் முழுக் கேள்வி வேண்டும்: "இவர் நேற்று இரவு இங்கே தூங்கினாரா?" என்பதுபோல. நூற்றுக்கணக்கான பொருள்கள் கொண்ட நுகர்வுச் செலவுப் பட்டியலுக்கு நான் சொன்னது பொருந்துமா என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. நாங்கள் இருபது பொருள்களைத்தான் கேட்டோம். ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாகப் படித்தால் யாரும் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

நிலப் பகுதியில் இன்னும் எனக்கு முடிவு இல்லை. ஏக்கர், சென்ட், காணி என்று அளவு வீட்டுக்கு வீடு மாறுகிறது. குத்தகை, வாரம் (விளைச்சலில் பங்குக்கு விடுவது), பங்காளிகளுக்குள் பிரிக்காத நிலம் என்று வகைகளும் பல. கேள்விகளாக எழுதினால் ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு பக்கம் ஆகிறது. கட்டமாக்கினால் வாரத்துக்கு விட்ட நிலம் விட்டுப்போகிறது. தை அறுவடைக்குப் பிறகு போகும் அடுத்த சுற்றில் இரண்டு வடிவத்தையும் அச்சிட்டு, பாதி வீடுகளில் ஒன்றும் மீதிப் பாதியில் மற்றதுமாகக் கேட்டுப் பார்க்கப் போகிறோம்.