தெருவிளக்கின் மூளை எங்கே இருக்க வேண்டும்: பேனலிலா, கம்பத்திலா, சர்வரிலா?

ஒரு தெருவிளக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரம் எரிகிறது. குடியிருப்புத் தெருக்களில் அதில் பெரும்பகுதி, கதவுகள் சாத்தி ஊர் அடங்கிய நேரம். சோடியம் விளக்குகள் இருந்தவரை இதற்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அணைத்துவிட்டால் திரும்ப முழு வெளிச்சம் வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். மங்கலாக்குவதும் எளிதாக இல்லை. எல்இடி வந்த பிறகுதான், கண் சிமிட்டும் நேரத்தில் 100 சதவீதத்திலிருந்து 30க்கு இறங்கவும் மறுபடி ஏறவும் முடிந்தது.

முதலில் ஒரு கணக்கைப் பிரித்துவிடுவோம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 2009இல் தொடங்கி 2013க்குள் சுமார் 1,40,000 தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றியது. மின்செலவு 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அது பெரும்பாலும் விளக்கையே மாற்றியதால் வந்த சேமிப்பு. விளக்குகளைத் தொலைவிலிருந்து கண்காணித்துக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் அமைப்பை விற்க வருகிறவர்கள் இதையும் தங்கள் கணக்கில் சேர்த்துத்தான் காட்டுவார்கள். எல்இடிக்கு மேல் நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டே விஷயங்கள்தான்: தேவைக்கு ஏற்ப மங்கலாக்கும் வசதி, எந்த விளக்கு அணைந்து கிடக்கிறது என்று தானாகத் தெரிவது.

இரண்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டாவது. கண்காணிப்பு இல்லாத ஊரில், யாராவது புகார் சொன்னால்தான் பழுது தெரியும். யாரிடம் சொல்வது, எப்படி விடாமல் கேட்பது என்று அறிந்தவர்கள் வாழும் தெருவில் விளக்கு சீக்கிரம் சரியாகிவிடும். இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வரும் பெண்ணின் சந்து மாதக்கணக்கில் இருட்டாகவே கிடக்கும். தானே பழுது சொல்லும் விளக்கு இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது குறைக்கும். ஒவ்வொரு தேர்வையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

பேனலா, கம்பமா?

எளிமையானது ஒளி உணரி. இருட்டினால் எரியும், விடிந்தால் அணையும். மழை மூட்டத்தில் மாலை 4 மணிக்கே இருண்டாலும் அதற்குத் தெரியும். ஆனால் தூசியோ பறவை எச்சமோ மூடிவிட்டால் பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். அடுத்தது வானியல் டைமர். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் சூரியன் உதிக்கும், மறையும் நேரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இன்டர்நெட் வேண்டாம், அழுக்குப் பயம் இல்லை. ஆனால் மழை மூட்டம் அதற்குத் தெரியாது. எந்த விளக்கு எரியவில்லை என்பதை இரண்டுமே சொல்லாது.

அதற்கு மேல்படி, ஒரு வரிசை விளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் ஃபீடர் பேனல் பெட்டியில் ஒரு மோடத்தை வைப்பது. ஒரு பேனலின் கீழ் பல பத்து விளக்குகள் இருக்கும். மின்னழுத்தம், மின்னோட்டம், எந்த நேரத்தில் எரிந்தது, எந்த நேரத்தில் அணைந்தது எல்லாம் கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிடும். கேபிள் அறுந்தாலும், யாராவது கொக்கி போட்டாலும், ஒரு வரிசை முழுக்க அணைந்தாலும் உடனே தெரியும். செலவும் குறைவு, ஏனென்றால் நூறு விளக்குக்கு ஒரு பெட்டி போதும்.

ஆனால் தனி விளக்கின் பழுதில் இது தடுமாறும். நூறு விளக்கில் ஒன்று அணைந்தால் மின்னோட்டம் குறைவது 1 சதவீதம்தான். மின்னழுத்தம் ஏறி இறங்குவதாலேயே அதைவிட அதிகம் மாறும். ‘இந்த வரிசையில் ஏதோ சில எரியவில்லை’ என்று சொல்லலாம், எந்தக் கம்பம் என்று சொல்ல முடியாது. மங்கலாக்குவதும் பேனலிலிருந்து நடக்காது. பழைய விளக்குகளுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால் வெளிச்சம் குறையும். எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சுற்றோ அந்தக் குறைவை ஈடுகட்டி அதே வெளிச்சத்தைத்தான் கொடுக்கும். கடைசியில் சில ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக அணைக்கத் தொடங்குகின்றன. அது மோசமான சிக்கனம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும் கண், பழகுவதற்குள் அடுத்த வெளிச்சத்துக்கு வந்துவிடும். இடையில் நிற்கும் ஆள் ஓட்டுநருக்குத் தெரிய மாட்டார். எல்லா விளக்கும் பாதி வெளிச்சத்தில் எரிவது இதைவிட எவ்வளவோ மேல்.

கம்பத்துக்கு ஒரு கன்ட்ரோலர் வைத்தால் இந்த இரண்டு குறையும் தீரும். ஒவ்வொரு விளக்கும் தன் நிலையைத் தானே சொல்லும், தனியாக மங்கலாகும். விலை, ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு புது மின்னணுப் பொருள். வெயிலும் மழையும் இடியும் தாங்க வேண்டிய, கெட்டுப்போகக் கூடிய பொருள். விளக்கு நன்றாக இருந்து கன்ட்ரோலர் செத்துப்போனாலும் ஆள் ஏணியோடு வர வேண்டியதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில், அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. சில எல்இடி டிரைவர்கள் நெட்வொர்க் இல்லாமலே மங்கலாகும். கடந்த சில இரவுகளில் எவ்வளவு நேரம் எரிந்தோம் என்று அளந்து, அதன் நடுப்புள்ளியை நள்ளிரவாக வைத்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் குறித்த மணி நேரம் தாமாகவே இறங்கி ஏறும். மோடத்தோடு ஒரு பேனல், அதன் கீழ் இப்படிப்பட்ட டிரைவர்கள். சிறிய ஊருக்கும் உள்தெருக்களுக்கும் என் தேர்வு இதுதான். கம்பத்துக்கு ஒரு கன்ட்ரோலர் என்ற செலவைப் பிரதான சாலைகள், சந்திப்புகள், பாதசாரிகள் அதிகம் நடக்கும் இடங்கள், அப்புறம் இருட்டாகக் கிடந்தால் ஆபத்தான சந்துகள் ஆகியவற்றுக்கு ஒதுக்கலாம்.

கம்பங்கள் எந்த வழியாகப் பேசிக்கொள்ள வேண்டும்?

கம்பத்துக்குக் கன்ட்ரோலர் என்று முடிவானதும் அடுத்த சண்டை இங்கே தொடங்கும். மின்கம்பி வழியே தகவல் அனுப்புவது, கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தாவும் மெஷ் ரேடியோ, குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும் லோராவான் ரேடியோ, செல்போன் நெட்வொர்க்கில் ஓடும் என்பி-ஐஓடி என்று போட்டியில் நான்கு உண்டு.

மின்கம்பி வழிக்குத் தனி ஆன்டெனா வேண்டாம். சுரங்கப்பாதையிலும் வேலை செய்யும். ஆனால் பழைய கேபிளின் இரைச்சலில் தகவல் தொலையும். பகலில் பேனலிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஊர்களில் பேச்சும் சேர்ந்தே நின்றுவிடும். தெருவிளக்குக்கென்று தனியாக நல்ல கேபிள் உள்ள ஊருக்கு மட்டும் இது சரி.

தெருவிளக்குக்கென்றே பிறந்தது போல இருப்பது மெஷ். கம்பங்கள் முப்பது நாற்பது மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. ஒன்று செத்தால் தகவல் அடுத்ததன் வழியே சுற்றிப்போகும். மாதச் சந்தா இல்லை. பாதுகாப்பில்தான் கவனம் வேண்டும். 2016இல் ஆதி ஷமீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோவில் இயங்கும் ஒரு வீட்டு ஸ்மார்ட் பல்பிலிருந்து பக்கத்து பல்புக்குத் தொற்றிப் பரவக்கூடிய நிரல் சாத்தியம் என்று காட்டினார்கள். ஒரே வகை பல்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே ரகசியச் சாவி இருந்ததுதான் ஓட்டை. பல்புகள் நெருக்கமாக இருப்பதுதான் அந்தத் தொற்றுக்குத் தீனி. தெருக்கம்பங்களின் நெருக்கமும் அப்படித்தான். ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனிச் சாவி இருக்கிறதா என்று கேட்காமல் மெஷ் வாங்கக் கூடாது.

லோராவானுக்கு, விளக்குகளின் தகவலை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் கேட்வே என்ற பெட்டி ஒன்று உயரத்தில் இருந்தால் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போதும். செலவு குறைவு. ஆனால் மெதுவானது. ஆயிரம் விளக்குக்கும் தனித்தனியாக உடனே கட்டளை அனுப்ப அது உருவாக்கப்படவில்லை. கால அட்டவணையை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நாளுக்குச் சில முறை நிலவரம் வாங்கினால் போதும் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

என்பி-ஐஓடிக்குக் கேட்வேகூடத் தேவையில்லை. மாட்டியவுடன் செல்போன் கோபுரத்தோடு பேசிவிடும், அதனால் சிதறிக் கிடக்கும் விளக்குகளுக்கு வசதி. எனக்கு இதில் இருக்கும் தயக்கம் வயது பற்றியது. தெருவிளக்கு 15, 20 ஆண்டுகள் நிற்க வேண்டிய பொருள். ஜப்பானின் செல்போன் நிறுவனமான என்டிடி டோகோமோ 2019 ஏப்ரலில் என்பி-ஐஓடி சேவையைத் தொடங்கி, 2020 மார்ச் முடிவில் நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற செல்போன் நிறுவனம் தன் 3ஜி நெட்வொர்க்கை 2022 பிப்ரவரியில் மூடியது. கம்பத்தில் உள்ள கருவியின் ஆயுள், அதில் பங்கே இல்லாத ஒரு நிறுவனத்தின் வணிக முடிவைப் பொறுத்து இருக்கக் கூடாது.

ஆக, நெருக்கமான நகரத்துக்கு மெஷ், பரந்த புறநகருக்கு லோராவான். செல்போன் வழியைப் பேனலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். நூறு விளக்குக்கு ஒரு மோடத்தை மாற்றுவது பெரிய வேலை அல்ல.

எதை எடுத்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: தொடர்பு அறுந்தால் விளக்கு என்ன செய்யும்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளிக் கட்டடத்தில், விளக்குகளை இயக்கிய மென்பொருள் 2021 ஆகஸ்டில் பழுதானது. சுமார் 7,000 விளக்குகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக இரவும் பகலும் எரிந்தன. கையால் அணைக்கச் சுவிட்சு இல்லை. பழுதானால் எரிய வேண்டும் என்பதில் தவறில்லை, தெருவிலும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அட்டவணை, கடிகாரம், ஒளி உணரி மூன்றும் கம்பத்திலேயே இருந்தால், கட்டுப்பாட்டு அறையின் சர்வர் ஒரு மாதம் படுத்தாலும் விளக்கு மாலையில் எரிந்து காலையில் அணையும். சர்வர் திருத்தம் சொல்லட்டும், அறிக்கை வாங்கட்டும். ‘இப்போது எரி’ என்று தினமும் சொல்ல வேண்டிய இடத்தில் அது இருக்கக் கூடாது.

அட்டவணையா, ஆள் வந்தால் ஏறும் சென்சாரா?

ஆளைக் கண்டதும் வெளிச்சம் கூடும் விளக்கு, காட்டிப் பெருமைப்பட ஏற்றது. பூங்கா நடைபாதை, சைக்கிள் பாதை, கிடங்குப் பகுதி போன்ற இடங்களில் உண்மையாகவே பலன் தரும். ஆனால் ஒரு கம்பம் மட்டும் ஏறினால் போதாது. நடப்பவருக்கு முன்னால் சில கம்பங்கள் சேர்ந்து ஏற வேண்டும், இல்லையென்றால் அவர் வெளிச்ச வட்டத்துக்குள் நின்றுகொண்டு இருட்டைப் பார்ப்பார். காற்றில் ஆடும் கிளையும் நாயும் சென்சாரை ஏமாற்றும். ஓயாமல் வண்டி ஓடும் சாலையில் சென்சார் எப்போதும் ‘ஆள் இருக்கிறது’ என்றே சொல்லும், சேமிப்பு ஒன்றும் இராது.

பெரும்பாலான தெருக்களுக்கு அட்டவணையே போதும். அமெரிக்காவின் டூசான் நகரில் விளக்குகள் நள்ளிரவுக்குப் பிறகு 60 சதவீதத்துக்கு இறங்குகின்றன. பாதி வெளிச்சத்தைக் கண் பாதியாக உணர்வதில்லை என்பதால், மெல்ல இறங்கினால் பலரும் கவனிப்பதே இல்லை.

மங்கலாக்கினால் குற்றம் கூடாதா? நியாயமான பயம். இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளாட்சிகளின் தகவலை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வெளிச்சத்தைக் குறைத்ததாலோ நள்ளிரவில் அணைத்ததாலோ விபத்தும் குற்றமும் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் நியூயார்க்கின் அரசுக் குடியிருப்புகளில் 2016இல் தற்காலிக விளக்குக் கோபுரங்களை நிறுத்திப் பார்த்தபோது, இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது, இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான். கம்பத்துக்குக் கம்பம் வேறு அட்டவணை போட முடிவதன் அருமை அங்கேதான் தெரிகிறது.

வெளிச்சத்தின் நிறத்தை மட்டும் எந்த நெட்வொர்க்காலும் பிறகு திருத்த முடியாது. நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் 3,000 கெல்வினுக்கு மேற்படாத விளக்குகளைப் பரிந்துரைத்தது. நீலம் கலந்த வெள்ளை தூக்கத்தையும் பூச்சிகளையும் கெடுக்கும். வாங்கும்போதே இதமான நிறத்தை எழுதி வாங்கிவிட வேண்டும்.

கம்பத்தில் கேமரா வேண்டுமா?

மின்சாரம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, நெட்வொர்க் இருக்கிறது, கேமராவும் மாட்டலாமே என்பார்கள். சான் டியேகோ நகரம் 3,000க்கும் மேற்பட்ட விளக்குகளில் கேமராவோடு கூடிய சென்சார்களை மாட்டியது. போக்குவரத்து, வாகன நிறுத்தம் பற்றிய தகவலுக்கு என்றுதான் சொன்னார்கள். பிறகு காவல்துறை அந்தக் காட்சிகளை விசாரணைக்குப் பயன்படுத்துவது தெரியவர, எதிர்ப்பு எழுந்து 2020இல் மேயர் அவற்றை நிறுத்த உத்தரவிட்டார். கேமரா கூடவே கூடாது என்பது என் வாதம் அல்ல. விளக்கு வாங்கும் ஒப்பந்தத்துக்குள் அது ஒளிந்து வரக் கூடாது. அதற்குத் தனித் தீர்மானமும், மக்களிடம் தனி விவாதமும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தெருவில் அமைப்பை ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடுவதைக் காட்டச் சொல்வதில் பயனில்லை. சர்வரை ஒரு வாரம் துண்டிக்கச் சொல்லுங்கள். நடு இரவில் மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுங்கள். யாருக்கும் சொல்லாமல் ஒரு விளக்கின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சர்வர் திரும்பியதும் அந்தக் கம்பத்தின் எண் எத்தனை மணி நேரத்தில் திரையில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.