குரல் கதையா, களிமண் பொம்மையா?

மேற்கு சிட்னியின் பரமட்டா, ஆபர்ன் பக்கம் புதிதாகக் குடியேறிய இளைஞர்களுக்குக் குறும்படப் பட்டறை நடத்த நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்வேன்.

ஒன்று டிஜிட்டல் கதைசொல்லல். 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட்டும் நண்பர்களும் உருவாக்கிய முறை. வட்டமாக உட்கார்ந்து கதை பகிர்ந்து, சொந்தக் குரலில் பதிவுசெய்து, பழைய புகைப்படங்களோடு இரண்டு மூன்று நிமிடப் படமாக்குவது. வழக்கமாக மூன்று நாள் வேலை. ஆழம் இதில்தான். ஆனால் போரிலிருந்து தப்பிவந்த பிள்ளையிடம் 'உன் கதையைச் சொல்' என்பது லேசான கேள்வி இல்லை. குடும்ப ஆல்பமே கையில் இல்லாதவர்களும் உண்டு. முகமும் குரலும் இணையத்தில் ஏறினால் ஊரிலிருக்கும் உறவினருக்கு ஆபத்து வரலாம்; வெளியிடுவதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொன்று ஸ்டாப்-மோஷன்: பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் புகைப்படம் எடுத்து, வரிசையாக ஓட்டிப் படமாக்குவது. களிமண், கைபேசி, ஒரு ஸ்டாண்ட் போதும். நொடிக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720. பொறுமை வேண்டும், ஆங்கிலம் வேண்டாம். ஒருவர் பொம்மையை நகர்த்த இன்னொருவர் படமெடுக்க, அரபியும் ஆப்கானிஸ்தானின் டாரியும் தமிழும் பேசும் பிள்ளைகள் மதியத்துக்குள் கூட்டாளிகள் ஆகிவிடலாம்.

வந்து சில மாதமே ஆனவர்களுக்கு நான் களிமண்ணைத்தான் கொடுப்பேன். குரல் கதை, அவர்களே கேட்கும்போது.