ஐந்து வருடமாக வீட்டில் ஃபைபர்: மன்னார்குடி அனுபவம்

2020 ஆகஸ்டில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசரமாக எடுத்த இணைப்பு இது. அதற்கு முன் தொலைபேசிக் கம்பியில் வந்த பிராட்பேண்ட். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளி இருப்பதால் 2 எம்பிபிஎஸ் (Mbps) வேகம் கிடைத்தாலே பெரிய விஷயம், மழை வந்தால் அதுவும் போய்விடும். ஐப்பசி இடியில் இரண்டு மோடம் கருகியிருக்கிறது. ஃபைபர் என்பது ஒளியில் தகவல் கொண்டுவரும் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஓடாது. அந்த இழை வந்து சேரும் இந்த மோடம் பெட்டி இடிக்கு இதுவரை ஒருமுறைகூடப் பழுதாகவில்லை.

என் தொழில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது. முன்பெல்லாம் பென் டிரைவோடு தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவேன். இப்போது 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 4 ஜிபி கோப்பு ஆறு நிமிடத்தில் ஆல்பம் அச்சடிக்கும் லேபுக்குப் போய்விடுகிறது. அப்லோடு வேகத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, தொல்லைக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் பெட்டியில் சிவப்பு விளக்கு அவ்வப்போது மின்ன ஆரம்பித்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எத்தனை முறை போன் செய்தாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே பதில். இப்படியே பதினோரு நாள். முகூர்த்த மாதம் வேறு. கடைசியில் எங்கள் பகுதி லைன்மேன் தம்பியின் நம்பரை எதிர்வீட்டில் வாங்கி நேரடியாகக் கூப்பிட்டேன்.

வந்தவர் ஒயரைக் கழற்றி, ஒளியின் அளவைக் காட்டும் மீட்டரில் செருகினார். மைனஸ் 29. "மைனஸ் 27க்குக் கீழ போனா இந்தப் பெட்டி தாங்காதுக்கா" என்றார். அப்புறம் பேனா மாதிரி ஒரு டார்ச்சை ஒயரின் முனையில் மாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். இருட்டத் தொடங்கிய நேரம். வேப்பமரக் கிளையை ஒட்டி, கறுப்பு ஒயரில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. அணில் கடித்த இடம்.

கடிபட்ட துண்டை வெட்டிவிட்டு, இழையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, இழைகளை ஒட்டும் மெஷினில் வைத்தார். தலைமுடி அளவே உள்ள இழையின் இரண்டு முனைகளும் திரையில் தூண் போலத் தெரிந்தன. ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. மீட்டர் மைனஸ் 20 காட்டியது. மொத்தம் இருபது நிமிட வேலை!

ஆகவே புது இணைப்பு எடுப்பவர்கள் எம்பிபிஎஸ் கணக்குக்கு முன்னால், பக்கத்தில் ஒட்டுப்போடும் மெஷின் வைத்திருக்கும் ஆள் உண்டா என்று விசாரியுங்கள். கிராமங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசுத் திட்டமான பாரத்நெட் மூலம் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இப்படி ஒரு தம்பி இருக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

பெட்டிக்கு ஒரு மினி யுபிஎஸ் அவசியம் வாங்குங்கள், கரண்ட் போனாலும் நெட் இருக்கும். பச்சை முனை ஒயரைச் சுவரோடு மடக்கி அழுத்தாதீர்கள்.

அன்று அந்தத் தம்பி ஒயரை மரத்திலிருந்து எடுத்துக் கம்பத்தோடு கட்டி, ஐந்து மீட்டரைச் சுருட்டி அங்கேயே விட்டுப் போனார். பிறகு இரண்டு முறை ஒயர் அறுந்தபோதும் அந்தச் சுருளிலிருந்து இழுத்துத்தான் ஒட்டினார். இன்னும் மூன்று மீட்டர் மிச்சம் இருக்கிறது.