போய்த் திரும்புவதா, சுற்றி வருவதா, கடந்து போவதா? பழகாத ஊர்ப்புறத்தில் நடைப்பாதையைத் தேர்ந்தெடுத்தல்

கிராமப்புறத்துப் பூங்கா ஒன்றுக்கோ காட்டுப் பகுதிக்கோ முதல்முறை போனால், வாசல் பலகையில் நான்கைந்து பாதைகள் நிறநிறமான கோடுகளாகத் தெரியும். வந்தவர்கள் நீளத்தைப் பார்ப்பார்கள். கடைசியில் அருவி இருக்கிறதா, ஏரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கோடு எந்த வடிவத்தில் போகிறது என்பதை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. அன்றைய நாள் நல்லபடியாக முடியுமா என்பதை நீளத்தைவிட அதிகம் தீர்மானிப்பது அந்த வடிவம்தான்.

வடிவங்கள் மூன்று. போன வழியே திரும்பும் பாதை ஒன்று. இதைப் போய்வரும் பாதை என்போம். புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் சுற்றுப்பாதை இன்னொன்று. இங்கே தொடங்கி வேறெங்கோ முடியும் ஒருவழிப் பாதை மூன்றாவது. இடம் பழகாதது என்றால் முதல் நாளுக்குப் போய்வரும் பாதையே சரி. சுற்றுப்பாதைதான் கவர்ச்சியானது, ஆனாலும் அது இரண்டாம் நாளுக்கு உரியது.

மூன்றுக்கும் பொதுவான நேரக் கணக்கை முதலில் போட்டுவிடலாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 3 மணி 24 நிமிடம் ஆகும். இதில் ஓய்வு, சாப்பாடு, வழி தேடும் நேரம் எதுவும் சேராது. குழந்தைகள் இருந்தால், அல்லது தரை சேறும் வேருமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு கூட்டி நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பலகையில் போட்டிருக்கும் நேரத்தில் இந்தத் தாமதங்கள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது.

போய்வரும் பாதையின் பெரிய பலம், எந்த நிமிடத்திலும் திரும்பலாம் என்பது. திரும்பும் வழியில் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியும். மழை கறுத்தாலோ, ஒருவருக்குக் காலில் கொப்புளம் வந்தாலோ, முடிவெடுக்கக் கணக்கு வேண்டியதில்லை. இந்தப் பலம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். “உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பலாம்” என்று இடத்தைக் குறியாக வைத்தால் இருட்டிவிடும். கடிகாரத்தைக் குறியாக வைக்க வேண்டும்.

அந்த நேரம் பாதை ஏறிப்போகிறதா, இறங்கிப்போகிறதா என்பதைப் பொறுத்தது. காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குள் வண்டிக்கு வந்தாக வேண்டும் என்றால் கையில் 9 மணி நேரம் இருக்கிறது. ஏறிப்போகும் பாதையில் சரிபாதி போதும்: எங்கே இருந்தாலும் 12.30-க்குத் திரும்ப வேண்டும். இறங்கும்போது நேரம் மிச்சமாகும், அது அவசரத்துக்கு உதவும். பள்ளத்தாக்குக்குள் இறங்கிப்போகும் பாதையில் இந்தக் கணக்கு ஆபத்தானது. களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு ஏற்றம் வருகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் போவதற்கு. அதே 8 மணிக்குக் கிளம்பினால் 11 மணிக்குத் திரும்ப வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்கா நிர்வாகம் இதையே சொல்கிறது: இறங்கியதற்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு நேரத்தை ஏற்றத்துக்கு ஒதுக்குங்கள், ஒரே நாளில் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆற்றுவரை இறங்கி மேலேறி வர முயல வேண்டாம். தண்ணீருக்கும் அதே விகிதம்தான். இறங்கும் பாதையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், மணி எத்தனையானாலும், திரும்ப வேண்டும்.

பார்த்ததையே மறுபடி பார்ப்பது சலிப்பு என்பதுதான் இந்த வடிவத்தின் மேல் சொல்லப்படும் குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. போகும்போது பின்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து சேரும் கிளைப்பாதை கண்ணில் படாது. திரும்பும்போது அதே இடம் கவட்டை போல இரண்டாகப் பிரிந்து நிற்கும். அகலமாக இருக்கும் தப்பான கிளையில் கால் தானாகப் போய்விடும். மரத்தில் பூசிய வண்ணக் குறிகளும் சில இடங்களில் ஒரு திசையிலிருந்து மட்டுமே தெரியும். அதனால் எங்கே இன்னொரு பாதை சேர்ந்தாலும் நின்று, பின்னால் திரும்பி, வரப்போகும் காட்சியை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பத்து நொடி வேலை.

சுற்றுப்பாதையில் வண்டி நிறுத்திய இடத்துக்கே வந்து சேர்கிறோம், ஒரே காட்சி இரண்டு முறை வருவதுமில்லை. எல்லோரும் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் பாதி வழியில் தொடங்குகிறது. பாதியைத் தாண்டிய பின் திரும்புவதைவிட முன்னே போவதுதான் தூரம் குறைவு. அதனால் கால் வலித்தாலும் மேகம் இறங்கினாலும் முன்னேதான் போவோம், அதுவும் இதுவரை பார்த்திராத தரையில். 10 கி.மீ. சுற்றில் 8-ஆவது கி.மீ.யில் பாலம் அடித்துப் போயிருந்தால், வந்த வழியே 8 கி.மீ. திரும்ப வேண்டும். 10 என்று நினைத்துக் கிளம்பிய நாள் 16 ஆகிவிடும். அதே பாலம் 2-ஆவது கி.மீ.யில் வந்திருந்தால் இழப்பு மொத்தம் 4 கி.மீ. நடைதான்.

ஆகவே சுற்றுப்பாதையில் முதல் கேள்வி எந்தத் திசையில் சுற்றுவது என்பது. சந்தேகமான பகுதி முதலில் வர வேண்டும்: ஆற்றைக் கடக்கும் இடம், மறைப்பில்லாத மலைமுகடு, சரிவு விழக்கூடிய ஓரம். மலைப்பகுதிகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், முகட்டைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. பனி உருகி ஓடும் ஆறுகள் விடியற்காலையில்தான் மிகக் குறைவாக இருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகும். இப்படித் தடை எதுவும் இல்லை என்றால் செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வான பக்கம் இறங்க வேண்டும். வழுக்கி விழுவதும் முட்டி நோவதும் இறக்கத்தில்தான் அதிகம். செங்குத்துச் சரிவும் ஆறும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், ஆற்றுக்கே முன்னுரிமை கொடுங்கள். முட்டி வலியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஊர்ப்புறச் சுற்றுப்பாதைகளில் பல, தனியாக வெட்டப்பட்டவை அல்ல. வயலோரத் தடம், மாடு மேயும் நிலம், மரம் வெட்டும் லாரிச் சாலை எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு உருவானவை. ஒவ்வொரு ஒட்டும் ஒரு சந்தி. மரம் வெட்டப் புதிதாகப் போட்ட சாலை வரைபடத்தில் இருக்காது, ஆனால் தரையில் அதுதான் பெரிதாகத் தெரியும். வாசல் பலகைப் படம் பெரும்பாலும் அளவுக்கு வரையப்படாததால் இங்கே கைகொடுக்காது. 1:25,000 அளவு வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். அதில் 4 செ.மீ. ஒரு கி.மீ. மேய்ச்சல் நிலத்தின் கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியும் விட வேண்டும். உள்ளே நுழைந்த நமக்கு அதன் காரணம் தெரியாது. கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றி விலகிப் போக வேண்டும். நாய் கூட வந்து, பசு விரட்டினால், கயிற்றை விட்டுவிட வேண்டும். பசு துரத்துவது நாயைத்தான், நாயால் ஓடித் தப்ப முடியும்.

சுற்றுப்பாதைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. “இந்தச் சுற்றுக்குப் போகிறோம்” என்பது போதாது. வலஞ்சுழியாகவா இடஞ்சுழியாகவா என்பதையும், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் தேட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். திசை தெரிந்தால், கிளம்பிய நேரத்தை வைத்துத் தேடுபவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யலாம்.

குழந்தைகளோடு போவோருக்கு இடைவழி ஒன்று உண்டு: வண்டி நிறுத்துமிடத்தில் தொட்டுக்கொள்ளும் இரண்டு சின்னச் சுற்றுகள், எட்டு வடிவத்தில். ஒன்றை முடித்துச் சாப்பிட்டுவிட்டு, தெம்பிருந்தால் அடுத்தது. இப்படி அமைந்த பூங்கா கிடைத்தால் விடவே கூடாது.

ஒருவழிப் பாதையின் பாதி வேலை வண்டி ஏற்பாடுதான். நியூசிலாந்தின் டோங்கரிரோ ஆல்பைன் கிராசிங் சுமார் 20 கி.மீ., ஏழெட்டு மணி நேர நடை. நடப்பவர்கள் அதிகம் வரும் மாதங்களில் அதன் தொடக்கத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்த அனுமதியில்லை. அதனால் முடிவு முனையில் வண்டியை விட்டு, வாடகை வேனில் தொடக்கத்துக்குப் போகிறார்கள். விதி இல்லாத இடத்திலும் இதையே செய்யலாம்: வண்டி கடைசியில் நின்றால், நடை தாமதமானாலும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கடைசிப் பேருந்தை நம்பினால், பேருந்துக்காக ஓடுவோம், ஓடுமிடத்தில் கணுக்கால் பிசகும். இரண்டு வண்டி வைத்துச் செய்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, கடைசியில் நிற்கும் வண்டியின் சாவியைத் தொடக்கத்தில் நிற்கும் வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டு நடப்பது. சாவியைப் பையில் தொட்டுப் பார்த்த பிறகே கதவைப் பூட்ட வேண்டும்.

ஒருவழிப் பாதைகளில் முதல் நாளே நம்பிப் போகக்கூடியது ஒன்றுதான்: கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் அமைத்த பாதை. ரயில் செங்குத்தாக ஏறாது. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் உயர்வது அரிது. பழைய நிலையங்கள் இருந்த ஊர்கள் வழியில் வருவதால் நடுவில் வெளியேற முடியும். நியூசிலாந்தில் 2000-இல் திறந்த ஒட்டாகோ சென்ட்ரல் பாதை 152 கி.மீ. நீளம், முழுவதும் போக வேண்டியதில்லை, இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட துண்டு போதும். நிழல் குறைவு, நேர்கோடு நீளம். சைக்கிளில் போவோர் காற்று அடிக்கும் திசையிலேயே போகுமாறு முனையைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

முதல் நாள் போய்வந்த பாதை வீணாகாது. பெரும்பாலான பூங்காக்களில் அதே பாதை ஏதோ ஒரு சுற்றின் ஒரு பக்கமாகவும் இருக்கும். மறுநாள் அந்தச் சுற்றை எடுத்து, தெரியாத பக்கத்தைக் காலையில் நடக்க வேண்டும், நேற்று பார்த்த பக்கத்தை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறோ உடைந்த பாலமோ இருந்தால் அது முன்பாதியில் வந்துவிடும்; அங்கே தடைபட்டால் திரும்பப் பகல் மிச்சமிருக்கும். வெளிச்சம் மங்கிக் கால் தளரும் வேளையில் காலடியில் இருப்பது நேற்றே படம் எடுத்து வைத்த கவட்டைகள்.